மாமாவின் நவச்சாரக் குப்பி

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்த மூக்கு லேசில் அசராது. ஒரு பக்கம் மிளகு, ஒரு பக்கம் சுக்கு, காற்று திரும்பினால் கருவாடு என்று எல்லாவற்றையும் அது பார்த்தாயிற்று. அதிலும் என் அப்பாவின் மூக்கு தனி ரகம். பெருங்காய மண்டியில் அவருக்கு வேலையே மோந்து பார்ப்பதுதான். ஒரு சிட்டிகை கிள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், அதில் எவ்வளவு மாவு கலந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கடைவீதியே மரியாதை கொடுத்த அந்த மூக்கு, என் அக்காவின் ஹாக்கிக் கையுறையிடம் மட்டும் தோற்றுப்போனது.

அக்கா பள்ளிக்கூட அணியின் கோல்கீப்பர். கால் பட்டைகளும் கையுறையும் பள்ளிக்கூடத்துச் சொத்து. அவளுக்கு முன்னால் எத்தனை பெண்கள் அதற்குள் வியர்த்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆனி மழையில் நனைந்தால் ஓணம் வரைக்கும் காயாது. மாடியில் உலர்த்தினால் பக்கத்து வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "எந்தா மோளே, எலி சத்தோ?" என்று எலி செத்துக் கிடக்கிற இடத்தைத் தேடுவாள். இவளோ அதை மடியில் போட்டுக்கொண்டு, கொஞ்சிக் கொஞ்சிக் கிழிசல் தைப்பாள்.

அப்பாவுக்கு நாற்றம்கூடப் பெரிசில்லை. அந்த வருடம் ஒருநாள் பயிற்சியின்போது அக்கா மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வெயிலில் ஓடினால் பின்னே விழாமல் என்ன செய்வாள்! அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை விழுந்தேன்னு காதுல விழுந்துதோ, ஹாக்கி அன்னியோட சரி. நீ விளையாடற அந்த மைதானத்துல நான் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன், பாத்துக்கோ."

திருப்பூணித்துறைப் பெண்களோடு போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா பயத்தில் பாதியானாள். அப்போதுதான் மாமா உள்ளே புகுந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்து ஆபீஸில் வேலை, கப்பல்காரர்கள் எது செய்தாலும் அவருக்கு அது வேதம்.

"கப்பல்ல வர்ற வெள்ளைக்காரச் சாயிப்புகள் ஹாக்கி ஆடறதை நான் பாத்திருக்கேன். எறங்கறதுக்கு முன்னால ஆளுக்கு ஒரு தடவை சின்னக் குப்பியை மோந்துக்கறான். மயங்கினவன் மட்டுமில்லை, கல்லு மாதிரி நிக்கறவனும். மூக்குல சுரீர்னு ஏறினா தூக்கமும் பயமும் தானா எறங்கிடும், கேட்டயா?"

அந்தக் குப்பிக்காக மாமா கடைக்கெல்லாம் போகவில்லை. தெருமுனையில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரிடம் நவச்சாரம் வாங்கினார். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு திருடினார். இரண்டையும் காலி மருந்துக் குப்பியில் போட்டுக் குலுக்கி, தக்கையால் அடைத்தார். திறந்து என் மூக்கில் காட்டினார் பாருங்கள், உச்சந்தலை வரைக்கும் ஊசி ஏறியது. நான் அலறியதில் மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் காரியத்தைக் கெடுத்தது. மனுஷர் சும்மா இருக்க வேண்டாமா? சேச்சிக்குக் காட்டினார், சாயாக்கடையில் காட்டினார், படகு ஏறுகிற போட் ஜெட்டியில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டினார்.

போட்டியன்று நானும் மாமாவும் அக்காவோடு போனோம். இடைவேளை வரை குப்பிக்கு வேலையே வரவில்லை. அதற்குப் பிறகு, எகிறி வந்த ஒரு பந்து அக்காவின் தோளில் பட்டு அவள் பின்பக்கமாகச் சாய்ந்தாள். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அக்கா உடனே எழுந்து நின்று கையை ஆட்டினாள். ஆனால் மைதானத்து ஓரம், மரத்தடியில், குடைக்குப் பின்னால் மறைந்து நின்றிருந்த ஒருவர் தொப்பென்று விழுந்தார். ஓடிப்போய்க் குடையை விலக்கினால் அப்பா! தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்ற இடத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்.

மாமா குப்பியைத் திறந்து அப்பாவின் மூக்கில் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் மோந்து பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு வாசனை. காரமெல்லாம் போட் ஜெட்டியிலேயே செலவாகிவிட்டது. அதற்குள் அக்கா கால் பட்டைகளோடு தத்தித் தத்தி ஓடிவந்தாள். அவளுக்கு அழுகை முட்டியது. என்ன தோன்றியதோ, கையுறையைக் கழற்றி அப்பாவின் முகத்தில் அப்படியே அமுக்கினாள்.

"ஐயோ, எடுடீ அதை!" என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

ஆட்டத்தில் தோற்றோம். அதை யார் கவனித்தார்கள்? கடைவீதிக்குத் தெரிந்தால் தன் மூக்கின் கதி என்ன என்பதுதான் அப்பாவின் கவலை. "வீட்ல ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று எங்களிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே சேச்சி மூலம் அம்மாவுக்குச் செய்தி வந்துவிட்டது, அரைகுறையாக. மைதானத்தில் யாரோ மயங்கி விழுந்தார்கள், கையுறையை மூக்கில் வைத்து எழுப்பினார்கள், அவ்வளவுதான். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்.

"அப்பா சொன்னது சொன்னதுதான். நாளைக்கே அந்த மூட்டையைக் கொண்டுபோய் ஸ்கூல்ல கொடுத்துடு. உன் ஹாக்கி இன்னியோட தீர்ந்தது."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள், தோலே உரிந்துபோகிற மாதிரி. ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். விழுந்தது நானில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் உயிரே அந்த ஹாக்கிதானே, இவளுக்குப் பைத்தியமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல், "விழுந்தது அவ இல்லை. நான்தான்" என்றார்.

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நீங்களா? நீங்க எதுக்கு அங்க போனேள்?"

அப்பா தட்டை முன்னால் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் ரசம் விடு" என்றார்.

"அப்படின்னா இனிமே நீங்க போக வேண்டாம். அவ போகட்டும்" என்று அம்மா தீர்ப்பை மாற்றி எழுதினாள். மாமா சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டிச் சோற்றில் விழுந்தது. விளையாடலாம் என்று சொன்ன பிறகும் எதற்கு அழுகிறாள்? ரசத்தில் மிளகு கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, என் மோர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.