சைலன்சர் கரி

1983 மே மாதம் உண்ணாமலைக்கு வயது முப்பத்து நான்கு. சங்ககிரிப் பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒன்பது வருட வேலை. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு நாளுக்கொரு கண்டம் என்று திட்டம் போட்டு, ஆப்பிரிக்க நாளுக்குக் கென்யக் கதைகளைத் தேடி வைத்திருந்தாள். வாசகர் வட்டத் தலைவரான லாரி முதலாளி நாச்சிமுத்து ஒரு டப்பாவோடு வந்தார்.

“சைலன்சர் கரி, அம்மிணி. குழந்தைக மூஞ்சியில பூசி ஆட உட்டா ஆப்பிரிக்கா ஆச்சு. சின்னாயி புள்ளைக்குப் பூசவே வேண்டாம்!”

குழந்தைகள் சிரித்தார்கள். நூலகத்தைப் பெருக்க வரும் சின்னாயியின் மகள் கையிலிருந்த புத்தகத்தால் தன் கறுத்த முகத்தை மறைத்துக்கொண்டாள். உண்ணாமலை டப்பாவைக் கையில் வாங்கினாள்.

“அந்த நாட்டுக்காரங்க முன்னால இதைச் சொல்லுவீங்களாங்க?”

“அவங்க எங்க இங்க வரப் போறாங்க?”

“வரமாட்டாங்கங்கிற தைரியம். சீ!”

டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஆப்பிரிக்க நாளில் கதைகளை வாசித்தாள். சின்னாயியின் மகள் வரவில்லை. ஜூனில் உண்ணாமலையைப் பள்ளிபாளையத்துக்கு மாற்றினார்கள்.