பதினோரு நாள் லைசன்ஸ்

காலை ஆறு நாற்பது. பந்தல்குடி பஸ் நிறுத்தத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய சேலை மூட்டை. அதற்குப் பிறகுதான் பின்னால் நின்ற மச்சான், என் அக்கா வீட்டுக்காரர். பரளச்சிப் பக்கம் அவருக்கு ஐந்து ஏக்கர் மக்காச்சோளம். புஞ்சையைச் சுற்றிச் சேலை கட்டினால், ஆள் நிற்பதாக நினைத்துக் காட்டுப்பன்றி வராது என்பது நம்பிக்கை. சிரிக்காதீர்கள். இரண்டு நாளுக்குப் பன்றிகளும் அதை நம்பும்.

சேலை கட்டத் தொடங்கும் முன் அவரிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசன்ஸ் வாங்கியது. ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். வீடே சடை பின்னிய தலை மாதிரி மணக்கும். பொழுது சாய, வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. பன்றிகள் சீமைக்கருவேலுக்குள்ளேயே இருந்துகொள்ளும்.

லைசன்ஸ் முடியும் முன்பே புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டார். முடிந்த அன்று துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினார். நான் அப்போதுதான் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன்.

"மாப்ள, ஒன் கார்டக் காட்டு. அவுக எந்திரிச்சு நின்னு கையெழுத்துப் போடுவாக" என்றார். நானும் நம்பினேன். கலெக்டர் ஆபீஸ் எழுத்தர் கார்டை இருபுறமும் பார்த்து, போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று திருப்பித் தந்தார்.

ஏழு மாதம் கழித்து, அந்த மனுவுக்காகப் பயிரைப் பார்வையிடக் கிராம அதிகாரி வந்தார். முந்தின வாரம்தான் பன்றிகள் பார்வையிட்டிருந்தன. முறிந்த தட்டைகளுக்கு நடுவே அவர் தாளைப் புரட்டினார்.

"பயிர் நிக்குதான்னுதான் கேட்டிருக்கு. என்னத்த எழுத?"

"பன்னி தின்னுருச்சுன்னு எழுதுங்க சார்" என்றார் மச்சான்.

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

'பயிர் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பயிர் இல்லாதவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கடிதம் வந்தது.

மச்சான் சளைக்கவில்லை. அடுத்த பருவம், பயிர் முழங்கால் உயரம் வந்த அன்றே அதிகாரியைத் தன் பைக்கில் ஏற்றி வந்து காட்டினார். 'பயிர் உண்டு.' அதன் பிறகும் பைல் மேசை மேசையாக நடந்து, ஒருவழியாக லைசன்ஸ் வந்தது. பழைய லைசன்ஸ் முடிந்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். கைக்கு வந்தபோது மிச்சம் பதினோரு நாள். துப்பாக்கியை விடுவிக்க ஸ்டேஷனில் பத்து நாள் கேட்டார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து அடுத்த மனுவை எழுதினார்.

இன்று மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மனு என்னாயிற்று என்று கேட்டேன்.

"வந்துரும் மாப்ள. இந்தத் தடவ கதிரையே ஒடிச்சுக் கொண்டு போயி மேசையில வச்சுட்டேன்ல."

பஸ் கிளம்பியது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது. அவர் வீட்டில் தேங்காய் எண்ணெய் இப்போது தலைக்கு மட்டும்.