காதில் விழுந்த துறவறம்

ஸ்பீக்கர் துறவறம் போகிறாள் என்ற செய்தி ஸ்பீக்கருக்கே சித்தி சொல்லித்தான் தெரிந்தது. காதும் காதும் வைத்தாற்போல் சொல்லப்பட்ட செய்தி என்பதால் அதற்குள் குடும்பத்தில் பாக்கி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்தி பார்லர் வைத்திருப்பவள். அவள் கவலையும் தொழிலையொட்டியே இருந்தது.

"எங்க வேணா போம்மா. முடியை மட்டும் அவசரப்பட்டு எடுத்துடாத. மனசு மாறித் திரும்பி வந்தேன்னு வையி, தோள் வரைக்கும் வளர்க்கறதுக்குள்ள என் உயிர் போயிடும்."

கல்லூரி விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பிடித்திருந்த ஸ்பீக்கர், இதை யார் சொன்னது என்று கேட்டாள். உங்கப்பாதான் என்றாள் சித்தி. ரொம்ப நிதானமாகச் சொன்னாராம். அதனால்தான் சித்தி நம்பிவிட்டாளாம்.

ஸ்பீக்கர் என்பது வீட்டில் விழுந்த பெயர். அப்பா பானம் நிரப்பும் ஆலையில், கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில், வாலிபம் முழுவதையும் நின்றே கழித்தவர். தனக்குக் காது கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உலகம் வர வர முணுமுணுக்கிறது என்பதே அவர் கட்சி. ஆகவே அம்மா சொல்வதையும், கடைக்காரர் சொல்வதையும், டிவியில் செய்தி வாசிப்பவர் சொல்வதையும் மகள் அவர் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொல்வாள். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுப்பவள். பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல் கலந்தால் நிறுத்தித் திருத்துவாள். அவள் 'ஒலிபெருக்கி' என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை.

மகள் கதவு மூடிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆலையில் அப்படி ஓர் அறை இருந்தது, கணக்குப் பிரிவு. ஏதோ கேட்க ஒருமுறை உள்ளே போனவர், கண்ணாடிக் கதவு பின்னால் மூடியதும் சத்தமெல்லாம் நின்றுபோனதில், வந்த காரியம் மறந்து நின்றாராம். அன்றைக்கே முடிவாகிவிட்டது. மகளுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை.

கணக்கியலில் அவள் மோசமில்லை. தேறிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, பக்கத்து இருக்கைக்காரியைத் தவிர. பேராசிரியர் சொல்வதையெல்லாம் ஸ்பீக்கர் தன்னையறியாமல் அவள் பக்கம் திரும்பி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கேக்குதுடி" என்று அவள் ஒரு வருஷமாகச் சொல்லி வந்தாள்.

இரண்டாம் ஆண்டு முடியும் சமயம், அதே கல்லூரியின் செவித்திறன் துறையார் ஊர்மக்களுக்கு இலவசமாகக் காது சோதனை நடத்தினார்கள். வாசலில் ஆட்களை வரிசையில் நிறுத்த ஸ்பீக்கரைப் போட்டார்கள். ஒரு லாரி ஓட்டுநர், உள்ளே மாணவர்கள் மாற்றி மாற்றிக் கத்தியும் ஒன்றும் விளங்காமல், கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் அவருக்கு நேரே போய், முகம் தெரிய நின்று, குரலை உயர்த்தாமல் தாழ்த்தினாள்.

"பீப்னு ஒரு சத்தம் வரும். கேட்டா பட்டனை அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. ஃபெயில் ஆகறதுக்கு இது ஒண்ணும் பரீட்சை இல்லண்ணே."

ஓட்டுநர் திரும்ப உள்ளே போனார். பார்த்துக்கொண்டிருந்த துறைத் தலைவி, இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டார்.

"வீட்டுல, மேடம்."

"மிச்சத்தை இங்க வந்து படி."

சோதனை அறையின் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் தன் எச்சிலைத் தான் விழுங்குவது கேட்டது. ஆலையின் கணக்குப் பிரிவு இதன் முன்னால் சந்தைக்கடை. அப்பாவிடம் இதை மட்டும் சொன்னால் போதும் என்று ஸ்பீக்கர் நினைத்தாள். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அக்கா பேச்சுக்கு அப்பா அடங்குவார் என்பதால் அத்தையைத் தூது விட்டாள். அத்தை தம்பிக்குப் போன் செய்து, உன் மகள் துறை மாற்றத்துக்கு முடிவு செய்துவிட்டாள் என்று அட்சரசுத்தமாக அறிவித்தாள். டிபார்ட்மென்ட் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அப்பாவின் காதில் துறை மாற்றம் துறவறமாகப் போய் விழுந்தது.

சனிக்கிழமை ஸ்பீக்கர் வீட்டுக்குப் போனபோது மேசைமேல் புதுக் கம்பளி ஒன்று இருந்தது. பூப்போடாத சாம்பல் நிறம்.

"அந்த மாதிரி இடத்துல குளிரும்மா" என்றார் அப்பா. "நான் தடுக்கப்போறதில்ல. சத்தம் இல்லாத இடமாத்தான் இருக்கும்."

ஆலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினாராம். கம்பளியைப் பார்க்கப் பார்க்க ஸ்பீக்கருக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு கணம் துறவறமே சுலபம் என்றுகூடத் தோன்றியது. பிறகு நேரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, துறவறம் இல்லை, டிபார்ட்மென்ட்தான் மாறுகிறேன், கணக்கு வேண்டாம் என்றாள்.

துறவறத்தைத் தாங்கிய அப்பாவின் முகம் இதைத் தாங்கவில்லை. "அப்ப ரெண்டு வருஷம் படிச்சது வீணா?"

"துறவியாப் போயிருந்தா வீணாகியிருக்காதாப்பா?"

"அது வேற."

"அது வேறதான்" என்றாள் அம்மா, கம்பளியை மடித்தபடி. எது வேறு என்று யாரும் விளக்கவில்லை.

"சரி, என்னதான் படிக்கப்போற?"

"காது."

இந்த ஒரு சொல்லை மட்டும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"கேக்குதா இல்லையான்னு பார்க்கற படிப்புப்பா. திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பம். புதுசா சேர்றவங்க முதல்ல வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து டெஸ்ட் பண்ணணும். புதன்கிழமை. நீங்க வாங்க."

"யாருக்குக் கேக்கலை?"

அம்மா மடித்த கம்பளியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எங்கப்பன் செவிடுன்னு ஊர் முழுக்கச் சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்றார் அப்பா.

அந்தக் கண்ணாடி அறையைவிட அமைதியான அறைப்பா என்று ஆரம்பித்தாள். அப்பா கேட்காதது போல் ஜன்னலைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கேட்டது போல் நடித்தவருக்கு இந்த நடிப்பு புதிது, சரியாக வரவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது கம்பளியைப் பையில் திணித்தார். விடுதியிலும் குளிரும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நடந்ததைக் கேட்ட அத்தை, நான் தெளிவாகத்தான் சொன்னேன் என்றாள். அது உண்மை.

புதன்கிழமை மற்ற மாணவர்களின் அம்மாக்களும் மாமாக்களும் ஒவ்வொருவராக உள்ளே போய், பிள்ளைகள் தாராளமாக எழுதிக்கொடுத்ததில், உள்ளதைவிடக் கொஞ்சம் நல்ல காதுகளோடு வெளியே வந்தார்கள். அடுத்தது அவள் முறை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற துறைத் தலைவி, உங்கப்பா வந்தாச்சா என்று கேட்டார். பஸ்ஸில் இருப்பார் மேடம் என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கர் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அப்பாவுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், அம்மா வேலையில் இருக்கும் நேரம். எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது.

மணி போனது. அப்பாவின் போனில் குருவி கத்தும் ஒலியை வைத்துக் கொடுத்தவளே அவள்தான். அந்த மாதிரிக் கீச்சொலிதான் காதைவிட்டு முதலில் போவது என்று இந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் போன் அவர் சட்டைப்பையில் கத்திக்கொண்டிருக்கலாம், அவர் பாட்டுக்குப் படியேறி வந்துகொண்டிருக்கலாம். அல்லது வீட்டு மேசைமேல் வெளிச்சம் மின்ன, அது கேட்டும் எடுக்காமல், எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். சேர்ந்திருக்கும் துறைக்கு அடுக்காத வேண்டுதல்தான். குருவி கத்திக்கொண்டே இருந்தது.