சொல்லிவிட்டுப் போகச் சொல்பவள்

ஆர்டிஸ் ப்ரோஹாஸ்கா பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். செனட் கட்டடத்தின் அடித்தள நடைகூடம், நல்ல வேகம். எதிரே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தவன் கீத் மரோனி, செனட்டின் படைத்துறைக் குழுவில் சட்ட ஆலோசகன். அவன் எங்கும் நிற்பதில்லை. நிற்காதவனிடம் பேச வேண்டுமானால் பக்கத்தில் ஓடலாம், பின்னால் துரத்தலாம். இரண்டிலும் கிடைப்பது காது மட்டும்தான். ஆர்டிஸுக்கு முகம் வேண்டும். அதனால் ஆளை முந்திக்கொண்டு போய், திரும்பி, அவனுடைய வேகத்திலேயே பின்னோக்கி நடப்பாள்.

“என்ன கண்ணு, மசோதால நம்ம பிரிவு உசுரோட இருக்கா?”

“மேடம், பின்னால தூண்.”

“தூண் எங்கயும் போகாது. நீதான் ஓடிருவ. பிரிவச் சொல்லு.”

தூணைப் பார்க்காமலேயே சுற்றிக்கொண்டு போனாள். வாஷிங்டனுக்கு வந்த இத்தனை வருடங்களில் ஒரே ஒருமுறைதான் இடித்திருக்கிறாள், அதுவும் ஒரு செனட்டர் மேல். அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவரிடம் ஒரு வாக்கை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

நெப்ராஸ்காக்காரி. ஐம்பது தாண்டியவள். நல்ல உயரம், சோளக்கதிர் ஒடித்து வளர்ந்த பெரிய கைகள். ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான ஒரு சங்கத்தின் சார்பில் செனட்டர்களையும் அவர்களுடைய ஆட்களையும் நச்சரிப்பது அவள் தொழில். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆர்டிஸும், லோவல் என்ற ஓய்வுபெற்ற தூதரக அதிகாரியும், சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையும்தான் சங்கம். கீழே இஸ்திரி ஓடினால் மேலே காகிதங்கள் சுருண்டுகொள்ளும். லோவல் எதையும் நம்பாதவர். நல்ல வெயில் அடித்தால்கூட, “இது நிலைக்காது, ஆர்டிஸ்” என்பார்.

இந்தத் தொழிலுக்கு முன்பு அவள் விமானப்படையில், ஒரு வான ஒப்பந்தத்துக்காகப் பறந்த விமானத்தில் புகைப்படக் கருவி பார்த்தவள். பல நாடுகள் சேர்ந்த ஓர் ஒப்பந்தம் அது. ஒருவர் வானத்தில் மற்றவர் ஆயுதமில்லாத விமானத்தில் பறந்து படமெடுத்துக்கொள்ளலாம். யாரும் யாருக்கும் தெரியாமல் படை திரட்டவில்லை என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவதற்கான ஏற்பாடு. அமெரிக்க விமானம் ரஷ்யாவின் மேல் பறக்கும்போது ரஷ்ய அதிகாரிகளும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள்.

“யெகோர்னு ஒரு கேப்டன். வெள்ளரிக்கா ஊறுகா ஜாடி இல்லாம ஏறவே மாட்டான். கீழ மேகம் மூடிருச்சுன்னா படம் ஒண்ணும் வராது. அவன் அவன் பாஷைல திட்டுவான், நான் எங்க ஊர் பாஷைல திட்டுவேன். ரெண்டு பேரும் திட்டுனது ஒரே மேகத்தத்தான், பாத்துக்க!”

இதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். சாதாரணச் சிரிப்பு இல்லை. கோழி முட்டையிட்ட சந்தோஷத்தில் தொடங்கி, விக்கலில் போய் முடியும். பக்கத்து அறையில் விசாரணை நடந்தால் சாட்சி ஒரு நொடி பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்வார்.

வருடத்துக்கு ஒருமுறை செனட் ஆட்களுக்கு வரவேற்பு வைப்பாள். பழக்கூழ் வைத்த கொலாச்சி என்ற செக் நாட்டு பன்னைத் தட்டுத் தட்டாகச் சுட்டு எடுத்து வருவாள். அவளைப் போன்றவர்கள் அவர்களுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்பது விதி. நின்றபடி கொறிப்பதைக் கொடுத்தால் தவறில்லை, நாற்காலியும் முள்கரண்டியும் வந்துவிட்டால் விருந்து, விருந்து குற்றம். வாசலில் நின்று ஆர்டிஸ் காவல் காப்பாள். “நின்னுக்கிட்டே தின்னு கண்ணு, உக்காந்துராத! நீ உக்காந்தா நான் உள்ள போயிருவேன்!” போன வருடம் ஒரு பருத்த மனிதர் களைப்பாகச் சன்னல் திண்டில் சாய்ந்துவிட்டார். அவரை இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தி, வாயில் இன்னொரு பன்னைத் திணித்தாள்.

இந்த டிசம்பரில் அவளுடைய கவலை எல்லாம் படைத்துறை மசோதாவில் ஒரு சிறிய பிரிவைப் பற்றி. பிரிவைப் பற்றிய பிரிவு என்றே சொல்லலாம். அந்த வான ஒப்பந்தத்திலிருந்து விலகுவது என்று அதிபர் முடிவு செய்தால், அறிவிப்பதற்கு நான்கு மாதம் முன்பே நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும், காரணமும் கூறியாக வேண்டும். வெள்ளை மாளிகை விலகத் தயாராகிறது என்று நகரமே கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. கீழவை மசோதாவில் இந்தப் பிரிவு இருந்தது. செனட்டின் மசோதாவில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கும் பேரம் பூட்டிய அறைக்குள் நடந்துகொண்டிருந்தது.

“ஒப்பந்தத்துக்குள்ள போக மூணுல ரெண்டு பங்கு செனட்டர் கை தூக்கணும்,” என்பாள் ஆர்டிஸ், லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரிடமும். “வெளிய வர்றது எப்படின்னு அரசியல் சட்டத்துல ஒரு வரி கிடையாது. வாசல் வெச்ச மகராசனுங்க தாழ்ப்பாள் வைக்க மறந்துட்டானுங்க. நான் கேக்கறது தாழ்ப்பாள்கூட இல்ல. தொறக்கறப்ப கிரீச்சுனு ஒரு சத்தம். அவ்வளவுதான்!”

புதன்கிழமை காலை லோவல் தொலைபேசியில் கூப்பிட்டார். “பிரிவு இருக்கு. பல்லப் பிடுங்கிட்டாங்க.” ‘சொல்லியாக வேண்டும்’ என்பது போய், ‘சொன்னால் நல்லது என்று மன்றம் கருதுகிறது’ என்று மாறப்போகிறதாம். மாற்றச் சொல்பவன் மரோனி.

ஆர்டிஸ் நடைகூடத்தில் நின்றுவிட்டாள். நல்லது என்று கருதுவதற்கு எதற்குச் சட்டம், அதை மாமியார் செய்வாளே! ஆனால் சிரிப்பு வரவில்லை. பண்டிகை விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும் ஒரு மத்தியானத்தில் நாலு வரி அறிவிப்பு வந்து எல்லாம் முடிந்துவிடும். கேள்வி கேட்க ஓர் ஆள்கூட ஊரில் இருக்கமாட்டான். யெகோர் உட்கார்ந்த இருக்கையை நினைத்தாள். நேரே உணவகத்துக்குப் போய் ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப் வாங்கிக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

மரோனி தட்டோடு வந்தான். நிற்காதவனும் சூப்புக்கு வரிசையில் நின்றுதானே ஆக வேண்டும்.

“கோவமா மேடம்?”

“உன் மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது கண்ணு? நீ எந்த ஊர்?”

“அயோவா. உங்களுக்குப் பக்கத்து மாநிலம்.”

“அடப்பாவி, நம்மாளா! அப்ப சொல்லு. உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்படிக் கெளம்புவாங்க?”

மரோனி யோசித்தான். “முதல்ல தொடையத் தட்டுவாங்க. ‘சரி, அப்ப...’ம்பாங்க.”

“அப்புறம்?”

“எந்திரிச்சு நின்னு அரைமணி நேரம் பேசுவாங்க. வாசப்படில ஒரு அரைமணி. கார்ல ஏறிக் கண்ணாடிய எறக்கி மறுபடி...” அவன் உதடு லேசாகக் கோணியது. “எங்கம்மா கெளம்பறதுக்குள்ள வீட்டுக்காரங்க அடுத்த வேளை சமைச்சிருவாங்க.”

“ஒருத்தன் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டா?”

“வீட்ல யாரோ செத்துட்டாங்கன்னு நெனப்போம். இல்லாட்டி அடுத்த தடவை அவன யாரும் கூப்பிடமாட்டோம்.”

“அதத்தான்டா கண்ணு நான் கேக்கறேன்! நாலு மாசம் வாசப்படில நின்னு பேசச் சொல்றேன். போகவே கூடாதுன்னு நான் சொன்னேனா?”

மரோனி கரண்டியைச் சூப்பில் விட்டுக் கலக்கினான். “அதிபரக் கன்னுக்குட்டி மாதிரி கட்டிப்போட முடியாது மேடம். எங்க செனட்டருக்கு அது பிடிக்காது.”

“நான் கன்னுக்குட்டி கட்டினவ. அத எப்படிக் கட்டணும்னு உனக்குத் தெரியாது, பேசாம இரு.” குரலைத் தாழ்த்தினாள். “போன தடவை ஒரு ஒப்பந்தத்துல இருந்து வெளிய வந்தாங்களே. உங்க செனட்டருக்கு அது எப்படித் தெரிஞ்சுது?”

அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

“சொல்லு கண்ணு.”

“முடி வெட்டற கடையில,” என்றான் மரோனி மெதுவாக. “டிவில. பாதி தல வெட்டியிருந்தப்ப.”

ஆர்டிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கோழி கிளம்பியது. உணவகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மரோனி முகத்தை இறுக்கிக்கொண்டு, “பாதித் தலையோட எந்திரிச்சு ஆபீஸுக்கு வந்துட்டாரு மேடம், நாள் பூரா தொப்பியக் கழட்டவே இல்ல” என்று சொன்னான். சொன்னதும் அவனுக்கும் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் காசாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஆர்டிஸ் விக்கலுக்கு நடுவே, “இன்னொரு தடவ... பாதித் தல... வேணுமான்னு... அவரையே கேளு” என்றாள்.

அவன் கேட்டிருப்பான் போல. வெள்ளிக்கிழமை மசோதாவின் இறுதி வடிவம் வெளியானது. லோவல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். இன்னொருமுறை துடைத்துவிட்டு வாசித்தார். “சொல்லியாக வேண்டும்.”

ஆர்டிஸ் லோவலின் இரண்டு கைகளையும் பிடித்து அறையைச் சுற்றிப் போல்கா நடனம் ஆடினாள். மூன்றாவது சுற்றில் தூதரக அதிகாரிக்கும் கால் பழகிவிட்டது. கீழே சலவைக் கடைக்காரர் திரு. பேக் விளக்குமாற்றால் கூரையை இடித்தார்.

“மேல என்னம்மா நடக்குது?”

“சட்டம் ஆகுது, ஐயா!”

“சட்டையெல்லாம் கீழ விழுது!”

அடுத்த வாரம் செனட்டில் இறுதி வாக்கெடுப்பு. பார்வையாளர் மாடத்தில் ஆர்டிஸும் லோவலும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பேசக்கூடாது, எழுதக்கூடாது, கைதட்டவே கூடாது. மாடத்துக் காவலர் ஒருவர் எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார். கீழே எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சுவரோரம் அமர்ந்திருந்த மரோனி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான், உடனே குனிந்துகொண்டான்.

லோவல் காதோரம் கிசுகிசுத்தார். “அதிபர் கையெழுத்துப் போடற அன்னைக்கே ‘இந்தப் பிரிவு என்னைக் கட்டுப்படுத்தாது’ன்னு ஒரு அறிக்கை விடுவார். சொல்லாமலே போனாலும் போயிருவார். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்?”

“இதுவரைக்கும் சொல்லாமப் போனா அது மரியாத கெட்ட வேலை, அவ்வளவுதான்,” என்று கிசுகிசுத்தாள் ஆர்டிஸ். “இனிமே சட்டத்த மீறின வேலை. ஒவ்வொரு செனட்டரும் எந்திரிச்சு நின்னு கேக்கலாம். கேக்கறதுக்கு ஒரு வரி இருக்குல்ல, லோவல்.”

காவலர் இந்தப் பக்கம் திரும்பினார். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எழுத்தர் எண்ணிக்கையை வாசித்தார். மசோதா நிறைவேறியது.

ஆர்டிஸின் முகம் செக்கச் சிவந்தது. காவலர் ஒரு படி இறங்கி வந்து அவளையே பார்த்தார். அவள் தன் பெரிய கைகள் இரண்டையும் எல்லோருக்கும் தெரியும்படி முன்கம்பியின் மேல் நீட்டி வைத்துக்கொண்டாள், விரல்கூட அசையவில்லை. இருக்கைக்கு அடியில், காலணியைக் கழற்றிவிட்டு, காலுறை மாட்டிய இரண்டு பாதங்களையும் சத்தமில்லாமல் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தாள்.