எலும்பில்லாத மான் கறி

"ஃபேர்னஸை நிப்பாட்டுமப்பா!" என்று பேஸ்மென்றிலிருந்து குரல் வருகிறது. மேலே அன்ரனெற் அக்கா சுவரிலுள்ள சூடாக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவில் அமர்கிறார். ஒக்ரோபர் கடைசி. இனி ஒரு மணித்தியாலத்துக்கு கனடாவில், ரூஜில் உள்ள அந்த வீட்டில் சூடு கிடையாது. கீழே அவருடைய கணவர் கஸ்பர் அண்ணை தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுக்கிறார். குழாய் வழியே காற்று வந்தால் தராசு ஆடுமாம்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். துவக்கு என்றாலே எனக்குப் பயம். இருந்தும் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பேன், ஏனென்றால் அப்படி ஒரு மேசையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கழுவிய வெற்றுத் தோட்டாக் கோதுகள் பழைய இடியப்பத் தட்டுகளில் வரிசையாகக் காய்கின்றன. தட்டுகள் சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியவை. அன்ரனெற் அக்கா சண்டை பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்குப் புதிது வாங்கிக்கொண்டார்.

கஸ்பர் அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒஷாவாவில் இயந்திர உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அளவு பார்ப்பவர். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவார். சேர்ட் பையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும், பூசைக்குப் போகும்போதுகூட. கடையில் விற்கிற தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "உது ஆரோ ஒருத்தன் ஆருக்கோ செய்தது. என்ர துவக்குக்கு நான்தான் சமைக்கவேணும்" என்பார். கோது, மருந்து, அதன் தலையில் பாய்கிற குண்டான சன்னம். மருந்தைக் கொட்டும்போது மூச்சை அடக்குவார். நானும் அடக்குவேன். ஏன் என்று எனக்கே விளங்காது.

வருடம் ஒருமுறை வடக்கே பாரி சவுண்ட் காட்டுப் பக்கம் போய் ஒரு மான் கொண்டுவருவார். "சுட்டன்" என்று சொல்லமாட்டார். "ஒண்டு வைச்சன், விழுந்திட்டுது" என்பார். கூடப் போகிற வெள்ளைக்காரர் எலும்பைக் கழித்து, காயம் பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு இறைச்சியை வெட்டி எறிவார்களாம். அதைச் சொல்லும்போது கஸ்பர் அண்ணையின் முகம் சுளியும். "எலும்பில்லாத இறைச்சி இறைச்சியே? ஆஸ்பத்திரிச் சாப்பாடு!" முன்னங்காலை அப்படியே கொண்டுவந்து, கராஜில் மரக்குற்றி போட்டு, எலும்போடு சின்னச் சின்னதாகக் கொத்துவார். பிறகு தூள் போட்டுப் பிரட்டல். கிறிஸ்மஸ் அன்று நத்தார் விருந்தில் அந்தச் சட்டி மேசைக்கு வந்தால் வான்கோழியை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

போன நத்தாரில் அந்தப் பிரட்டலில்தான் ஜூலியஸின் கடைவாய்ப் பல் உடைந்தது. ஜூலியஸ் கஸ்பர் அண்ணையோடு வேலை செய்பவர். வாயிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்: சாம்பல் நிறத்தில் மிளகளவு ஈயம். சன்னம் எலும்பில் பட்டுச் சிதறியிருக்கிறது, கொத்தியபோது அதுவும் சேர்ந்து கொத்துப்பட்டிருக்கிறது. "ஊரில ஒண்டு தொடையில வாங்கினன், கனடாவில ஒண்டு பல்லில!" என்று ஜூலியஸே சொல்லிச் சிரித்தார். மேசை முழுவதும் சிரித்தது. கஸ்பர் அண்ணையின் மகள் நடாஷாவும் சிரித்தாள். அவள் அன்றைக்கு இரண்டு கோப்பை சாப்பிட்டிருந்தாள். கஸ்பர் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. திருப்பி அனுப்பவேண்டிய சாமான் ஒன்று அவருடைய கையால் வெளியே போய்விட்டது.

இந்த ஆனியில் நடாஷா தொலைபேசி எடுத்தாள். வயிற்றில் மூன்று மாதம். குழந்தைக்கு ஈயம் என்ன செய்யும் என்று இருந்து வாசித்திருக்கிறாள். இரத்தம் சோதித்ததில் ஒன்றும் இல்லை. ஆனாலும், "சொறி அப்பா, இனி நான் உங்கட மான் சாப்பிடமாட்டன்" என்றாள். "ஓம் பிள்ளை" என்று சொல்லி வைத்தவர், அன்றிரவு பிட்டை அளைந்துவிட்டு எழும்பிப் போனாராம். அன்ரனெற் அக்கா சொன்னது இது. ஒரே பிள்ளை. மற்றவர்கள் சாப்பிட்டால் என்ன, விட்டால் என்ன, அவர் மான் கொண்டுவருவது அவளுக்குத்தான்.

முதலில் குளிரூட்டிக் கதவில் ஒட்டியிருந்த மாதா காந்தத்தை எடுத்து, மிச்சமிருந்த போன வருட இறைச்சிக்கு மேலால் மெல்ல உருட்டிப் பார்த்தார். காந்தம் ஒன்றையும் இழுக்கவில்லை. ஈயம் காந்தத்தில் ஒட்டாது என்று அளவு பார்க்கிற மனிதருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் உருட்டினார். அக்கா வயிறு நோகச் சிரித்தார். அடுத்த நாள் அவ்வளவு இறைச்சியும் குப்பைக்குப் போயிற்று.

பிறகு செம்புக்கு மாறினார். முழுக்கச் செம்பாலான சன்னம். ஈயம்போலச் சிதறாது, உள்ளே போனதும் பூ விரிவதுபோல நாலு இதழாக மடிந்து, ஒரே துண்டாக நிற்கும். ஆனால் அதே நிறைக்குச் செம்பு நீளம் கூட, கோதுக்குள் இடம் குறைவு, மருந்தும் மாறவேண்டும். கோடை முழுக்க ஒவ்வொரு சனியும் சுடுதளத்துக்குப் போய்வந்தார். முதல் வகை இலக்கில் சாணகலத்துக்குப் பரந்து விழுந்தது. இரண்டாவது வகையும் அப்படித்தான். "துவக்குக்கும் வாய் ருசி இருக்கு. குடுக்கிறதை எல்லாம் தின்னாது" என்றார். நாலாவது வகையில், ஆவணி கடைசியில், மூன்று துளையும் ஒரு ரூனிக் குற்றிக்குள் அடங்கின. கனடாவில் இரண்டு டொலர் நாணயக் குற்றியை அப்படித்தான் சொல்கிறோம். துளை விழுந்த அந்தத் தாளை மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். மாதாகோவில் வாசலில் வைத்து எனக்கும் விரித்துக் காட்டினார்.

கார்த்திகையில் மான் விழுந்தது. ஒரே வெடி. பதினைந்து அடி நடந்து படுத்துவிட்டதாம். சன்னம் தோள் எலும்பை உடைத்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் நின்றிருக்கிறது. வீட்டுக்கு வந்து, கழுவி, ஃபேர்னஸை நிறுத்தச் சொல்லி, தராசில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். தராசு காட்டிய எண்ணைப் பார்த்தார். எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூண்டுதான் இருக்கு" என்றார்.

நாலு இதழில் ஒன்று முறிந்து இறைச்சிக்குள் எங்கோ நின்றுவிட்டது.

"ஈயமில்லைத்தானே, செம்புதானேயப்பா" என்று அன்ரனெற் அக்கா படியில் நின்று சொன்னார். "அதுவும் நகத்துண்டளவு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளைக்குச் சொல்லாமல் எப்பிடியப்பா கோப்பையை நீட்டுறது?"

இரண்டு மாலை கராஜில் இருந்து, இரண்டு முன்னங்காலையும் விலாவையும் நார்நாராகப் பிய்த்து விரலால் தடவினார். காணவில்லை. மூன்றாம் நாள் அவ்வளவையும், பிரட்டலுக்கென்றே பிறந்த அந்த எலும்புகளையும், பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். மிஞ்சியது காயத்துக்கு எட்டாத பின்னந்தொடை இரண்டும்தான். அதையும் எலும்பைக் கழித்துத் தனி இறைச்சியாக எடுத்தார். பிறகு நடாஷாவுக்குத் தொலைபேசி எடுத்து ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார்.

"எலும்பில்லாமலோ? நீங்களோ?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓம்."

"ஞாயிறு வாறம் அப்பா. சாப்பிடுறனோ தெரியாது. வாறம்."

ஞாயிறு மத்தியானம் எனக்கும் அழைப்பு. மேசையில் பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, நடுவில் மான். நடாஷா எட்டு மாத வயிற்றோடு சாய்ந்து இருந்தாள். ஒருவரும் மானைப் பற்றிப் பேசவில்லை. காலநிலையைப் பற்றி நாங்கள் பேசிய அளவுக்கு அது அன்று மோசமாக இருக்கவில்லை. கஸ்பர் அண்ணை தன் கோப்பையில் ஒன்றும் போடாமல் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் பிட்டு போட்டாள். கத்தரிக்காய் போட்டாள். பிறகு கரண்டி நடுச்சட்டிக்குப் போயிற்று. ஒரு துண்டு. அதை இரண்டாகக் கிள்ளி, பாதியை வாயில் வைத்தாள்.

நாலு தரம் மென்றவள் நிறுத்தினாள்.

நான் நிமிர்வதற்குள் கஸ்பர் அண்ணையின் கை அவளுடைய நாடிக்குக் கீழே விரிந்திருந்தது, சின்னப்பிள்ளைக்கு ஏந்துவதுபோல. அவள் விரல் விட்டு எடுத்து அந்தக் கையில் வைத்தாள். ஏலக்காய். அவர் அதைப் பெருவிரலால் நசித்துப் பார்த்தார், பிளந்தும் பார்த்தார். நடாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ அப்பா" என்றபடி கரண்டியை எடுத்து, இம்முறை நிறையவே போட்டுக்கொண்டாள்.

அவள் முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கை அங்கேயே விரிந்திருந்தது.