பாலத்தைத் தாண்டி வந்தவன்

என் தம்பியின் உயிருக்கு ஆபத்து பினாங்குப் பாலத்தில்தான் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தோம். அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. தீவில் எங்கள் வீடு இருக்கும் டத்தோ கிராமாட்டிலிருந்து தினமும் மோட்டாரில் பாலத்தைக் கடந்து போய்வருவான். கடல் காற்று, மழை, பின்னால் நெருக்கும் லாரிகள். நான் பத்திரிகையில் மாவட்டச் செய்திகள் எழுதுபவள். பாலத்து விபத்து ஒன்றை எழுதிவிட்டு வரும் நாளெல்லாம் வீட்டில் அதையே பேசுவேன்.

மோட்டார் வாங்கிய அன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வான். ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவன் மனைவி அனுப்புவாள். தொழிற்சாலை வாசலை அடைந்ததும் அவள் கைப்பேசி மூன்று முறை ஒலித்து அடங்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போதும் அப்படியே. அவள் எடுக்க மாட்டாள், ஒலித்தால் போதும். என் பங்குக்கு ஒரே விதி: என்ன ஆனாலும் பாலத்தில் வண்டியை நிறுத்தாதே. நிறுத்தியவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதியிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. ஐந்தரைக்குக் கைப்பேசி ஒலித்தது. வழக்கமாக ஆறேகாலுக்குள் வந்துவிடுவான். ஆறரை ஆயிற்று. அவன் மனைவி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு ஐம்பதுக்கு மோட்டார் சத்தம் கேட்டதும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அடுத்த நொடியே திட்டத் தொடங்கினாள்.

“எங்க நின்னீங்க? யாரு கூட கதை பேசிக்கிட்டு இருந்தீங்க?”

“மெதுவா வந்தேன் லா. பாலம் ஏறுறப்பவே நெஞ்ச ஏதோ அமுக்குன மாதிரி இருந்துச்சு.”

“ஓரமா நிறுத்தியிருக்கலாம்ல?”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “பாலத்துல நிறுத்துனா அக்கா நாளைக்கு என்னைப் பேப்பர்ல போட்டுரும்.”

மூவருமே சிரித்தோம்.

“காத்துதான். காலையில ரொட்டி சானாய் மூணு. சொன்னா எங்க கேக்குறீங்க!” என்று சொல்லிக்கொண்டே அவள் ஓமத் தண்ணீர் கொதிக்கவைக்கப் போனாள். நான் தைலத்தை எடுத்து அவன் முதுகில் தேய்த்தேன். அவன் தன் இடது கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தான். குளிரில் மரத்துவிட்டது என்றான். ஆனால் அவ்வளவு தூரமும் மோட்டாரை முறுக்கிப் பிடித்து வந்தது வலது கை. மரப்பதென்றால் அதுதான் மரத்திருக்க வேண்டும். நான் அதைக் கவனித்தேன். கவனிப்பதுதான் என் தொழில்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமா?” என்று கேட்கவும் கேட்டேன்.

“இந்த மழையிலயா? இப்பதான்க்கா முழுசா வந்து சேர்ந்திருக்கேன். மறுபடியும் ரோட்டுக்கா?”

அவன் மனைவியும் வேண்டாமென்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பெரிய ஆஸ்பத்திரி காரில் பத்து நிமிடம். பக்கத்து வீட்டில் கார் நின்றிருந்தது.

ஏழே முக்காலுக்கு, சோறு போடட்டுமா என்று கேட்க வந்தவள் முதலில் அவன் தோளைத் தொட்டாள். பிறகு உலுக்கினாள். கதவில் மாட்டியிருந்த ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. “ஆறு மணி வாக்கில், பாலம் ஏறும்போது” என்றேன். குறித்துக்கொண்டார். ஏன் உடனே கொண்டுவரவில்லை என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்த அவனுடைய வேலைத்தோழர் ஒருவர், “ரோட்டுல கெடக்காம வீடு வந்து சேர்ந்தாரே, அதுவே பெருசும்மா” என்றார். அவன் மனைவி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

இப்போது வெளியே போகும்போதெல்லாம் போய்ச் சேர்ந்ததும் நான்தான் அவளுக்கு மணியடிக்கிறேன். மூன்று முறை ஒலிக்க அவள் விடுவதில்லை. முதல் ஒலியிலேயே எடுத்துவிடுகிறாள். வழியில் மழையா, பஸ் கிடைத்ததா என்றெல்லாம் கேட்பதில்லை.

“அக்கா, கை ஏதும் வலிக்குதா?”

இல்லை என்று சொல்வதற்கு முன் இடது கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.