அம்மன் பீடத்து வெள்ளி டாலர்

மலாக்கா வெள்ளைக்காரன் கையில் இருந்த காலத்துக் காசுகளை நான் சேர்க்க ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். "செல்லாத காசுலா இது. பசார்ல ஒரு கத்தரிக்கா வாங்க முடியுமா?" கத்தரிக்காயைத் தாண்டி யோசிக்காத மனுஷர். நான் கண்டுகொள்ளவில்லை. அலோர் காஜாவில் எனக்குத் துணிக்கடை வேலை. லீவு நாளில் பழைய சாமான் கடைகளைக் கிளறுவேன். தொண்ணூறுகளின் நடுவில் என் ஆல்பத்தில் சதுரச் செப்புக் காசுகள், ராணி தலை போட்ட சின்ன வெள்ளிக் காசுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. கிரீடம் வைத்த ராஜாவின் பெரிய வெள்ளி டாலர் மட்டும் அகப்படவே இல்லை. அதற்காக நாயாய் அலைந்தேன்.

அப்போதுதான் புலாவ் செபாங் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றார்கள். மாரியம்மன் கோயிலை ரோட்டோரமாக மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பீடத்தைப் பெயர்த்தபோது அடியில் சில காசுகள் கிடந்தன. சாமியைப் பிரதிஷ்டை செய்யும்போது குழியில் பொன்னோ வெள்ளியோ போடுவது நம் வழக்கம்தானே. அவற்றில் ஒன்று அந்த டாலர். பார்க்கப் போயிருந்த நான் சட்டென்று குனிந்து எடுத்தேன்.

கோயில் தலைவருக்கு என் பைத்தியம் தெரியும். "நீயே எடுத்துக்கம்மா. பதிலுக்கு ஒரு வெள்ளித் தகடு போட்டுட்டா போச்சு. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா," என்றார்.

முந்தானையால் துடைத்தேன். ஒரு பக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. மறுபக்கம், ராஜாவின் தலைக்கு மேல் விளிம்பில், பற்றவைத்த வளையத்தை அறுத்தெடுத்த தடம். யாரோ ஒருத்தி கழுத்தில் போட்டிருந்த காசு. பால்மரம் வெட்டிய கை, கழுத்தில் கிடந்ததை அறுத்து அம்மனுக்குக் கொடுத்திருக்கிறது. இந்த மாதிரித் தடம் விழுந்த காசைச் சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள். மதிக்காவிட்டால் போகிறார்கள். எங்களைக் கூலி, கூலி என்றுதான் ஊரே பேசியது. அந்தக் கூலிக்காரி வெள்ளியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"வேணாண்ணே. அவ போட்டது ஆத்தாகிட்டயே இருக்கட்டும்," என்றேன்.

ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிரதிஷ்டை அன்று புதுப் பீடத்துக் குழி வரைக்கும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போனேன். குனிந்து போட்டேன். நிமிர மனம் வரவில்லை. என் மூக்குத்தியைக் கழற்றி அதன்மேல் போட்டேன்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் பதறிவிட்டார். "ஏய், அது தங்கம்டி."

"காசு போட்டவளுக்கும் அது வெள்ளின்னு தெரியும்ங்க," என்றேன்.